கட்டுத்தறில நின்னு சிக்கின மேஸி 1035: ஃபுல் செட் போடறதுக்கு முன்னாடி

கேள்வி: எங்க அப்பாரு 1984ல வாங்கின மேஸி ஃபெர்குசன் 1035 இருக்குங்க. அவர் தவறினதுல இருந்து 11 வருஷமா கட்டுத்தறிலயே நிக்குது. பேட்டரி போட்டுப் பார்த்தோம், இன்ஜின் சுத்தவே இல்ல, சிக்கிக்கிச்சு. ஒரு மெக்கானிக் ஃபுல் செட் (பிஸ்டன், ரிங், ஸ்லீவ் எல்லாமே புதுசு) போடணும், 1,40,000 ஆகும்ங்கறார். இன்னொருத்தர் பழைய இன்ஜினை எடுத்துட்டு ரெடி இன்ஜின் வச்சுத் தர்றேன், பாதி காசுதான்ங்கறார். நானும் தம்பியும் வீட்லயே ஓட வைக்க முடியுமா? விக்கறதுக்கில்ல, அப்பாரு ஞாபகத்துக்குத்தான்.

பதில்: முடியும் தம்பி. ரெண்டு பேர்ட்டயும் இப்போதைக்கு ஒண்ணும் ஒத்துக்காதீங்க, அட்வான்ஸும் குடுக்காதீங்க. சுத்தாத இன்ஜினை வெளிய நின்னு பார்த்தே ஃபுல் செட்டுனு சொல்றவர் இன்ஜினைப் பார்த்துச் சொல்லல, ஸ்பேர் கடை கமிஷனைப் பார்த்துச் சொல்றார். ஸ்லீவ் (பிஸ்டன் ஏறி இறங்கற குழாய்) தேஞ்சிருக்கா இல்லையாங்கறது இன்ஜினோட மேல் பாகமான ஹெட்டைக் கழட்டி, லேத் பட்டறைல போர் கேஜ்ங்கற அளவுகோலை உள்ள விட்டு அளந்தாத்தான் தெரியும். அளந்த கணக்கைப் பேப்பர்ல எழுதித் தாங்கன்னு கேட்டுப்பாருங்க, பாதிப் பேர் பேச்சை மாத்திடுவாங்க.

உங்க வண்டில இருக்கறது சிம்சன் இன்ஜின், பெர்கின்ஸ் டிசைன், 3 சிலிண்டர். கெட்டியான இன்ஜின். வருஷக்கணக்கா நிக்கறப்ப ஈரம் இறங்கி, ரிங் ஸ்லீவோட துரு புடிச்சு ஒட்டிக்கும், அவ்வளவுதான். ஒட்டினதை நிதானமாப் பிரிச்சா பெரும்பாலும் விட்டுடும்.

ஆனா ஒரு விஷயம் முதல்ல உங்கம்மாகிட்ட, பக்கத்துக் காட்டுக்காரர்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும். கடைசியா அந்த வண்டி கட்டுத்தறிக்குள்ள எப்படி வந்துச்சு? அப்பாரே ஓட்டிட்டு வந்து நிறுத்துனதா, இல்ல காட்டுல நின்னுபோய் இன்னொரு டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்து விட்டதா? நின்னதுக்கப்புறம் சிக்கின இன்ஜின் வேற, ஓடிட்டிருக்கறப்பவே சிக்கின இன்ஜின் வேற. ஆயில் இல்லாமயோ தண்ணி இல்லாமயோ சூடேறி ஓட்டத்துல புடிச்ச இன்ஜின்ல பிஸ்டன் ஸ்லீவ்ல உருகி ஒட்டியிருக்கும், இல்லன்னா கிராங்க்ல பேரிங் கருகிப் புடிச்சிருக்கும், அதுக்கு நீங்க மேல இருந்து என்ன ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல, சம்ப்பையும் (அடியில இருக்கற ஆயில் தொட்டி) ஹெட்டையும் கழட்டித்தான் ஆகணும், அந்த இடத்துல மெக்கானிக் சொல்ற ஃபுல் செட் நியாயமாக்கூட இருக்கலாம். இதைத் தெரிஞ்சுக்காம ஸ்பேனரையே எடுக்காதீங்க. ஓட்டிட்டு வந்து நிறுத்தின வண்டின்னா மேற்கொண்டு படிங்க.

யாராவது வந்து கியர்ல போடு, கட்டி இழுத்தா விட்டுடும்னு சொல்வாங்க. தயவுசெஞ்சு வேண்டாம். எங்க பக்கம் ஒரு விவசாயி அப்படி இழுத்ததுல கனெக்டிங் ராடு வளைஞ்சு பிளாக்கையே ஒடச்சு வெளிய வந்துருச்சு, அதுவரைக்கும் நல்லா இருந்த பிளாக் அது. பார்க்கவே மனசு கேக்கல.

பேட்டரியைக் கழட்டிடுங்க. சம்ப் போல்ட்டை மெதுவா லூஸ் பண்ணி ஆயிலை இறக்குங்க. முதல்ல ஒரு டம்ளர் தண்ணி வந்தா 11 வருஷ ஈரம்னு விடலாம், லிட்டர் கணக்குல வந்தா அங்கயே நிறுத்திக்கோங்க. அடுத்து இன்ஜின் மேல இருக்கற மூடியை (ராக்கர் கவர்) திறந்து வால்வெல்லாம் பாருங்க, ராக்கர் (வால்வை அமுக்கற கை) அமுக்கிட்டிருக்கற வால்வு இறங்கித்தான் நிக்கும், மத்ததெல்லாம் மேல எழும்பி நிக்கணும். ராக்கர் அமுக்காமயே ஒரு வால்வு இறங்கி நின்னா அது சிக்கியிருக்கு, அப்படியே இன்ஜினைத் திருப்பினா பிஸ்டன் இடிச்சு வால்வு வளையலாம். அதுல டீசல் விட்டு மரக்கட்டை வச்சு லேசாத் தட்டி விடுவிச்சுக்கோங்க. அப்புறம் சிலிண்டருக்குள்ள டீசலைப் பீய்ச்சுற மூணு இன்ஜெக்டரையும் எடுங்க. அடியில செம்பு வாஷர் இருக்கும், குழியிலயே ஒட்டிக்கிட்டு வராது, மறக்காம எடுத்துடுங்க, இல்லன்னா மாட்டறப்ப வாஷர் மேல வாஷர் ஆகிடும். பைப் வாயெல்லாம் கவர் சுத்திக் கட்டிடுங்க.

பவர் ஸ்டீயரிங்குக்கு ஊத்துற ஏடிஎஃப் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து, இன்ஜெக்டர் ஓட்டை வழியா ஒவ்வொரு சிலிண்டருக்கும் அரை டீ டம்ளர் ஊத்திட்டு ஒரு வாரம் அந்தப் பக்கமே போகாதீங்க. இந்த ஒரு வாரம்தான் உங்க 1,40,000. அப்புறம் முன்னாடி கிராங்க் புல்லி போல்ட்ல சாக்கெட் போட்டு, இந்தப்பக்கம் கொஞ்சம் அந்தப்பக்கம் கொஞ்சம்னு ஆட்டிப் பாருங்க. நீளமா பைப் சொருகி ரெண்டு பேர் தொங்கக்கூடாது. நூல் அளவு அசைஞ்சாலே போதும், மறுபடி ஊத்திட்டு மறுநாள் ஆட்டுங்க. முழுசா சுத்தறப்ப இன்ஜெக்டர் ஓட்டைல இருந்து ஆயில் பீய்ச்சும், முகத்தைக் கொண்டு போகாதீங்க. மூணு வாரம் ஆகியும் அசையலன்னா ஹெட்டைக் கழட்டலாம், தப்பில்ல.

இனி அந்த ரெடி இன்ஜின் ஆளு விஷயம். இதுக்குத்தான் எனக்கு ரொம்பக் கோவம் வருது. நல்ல இன்ஜினை எடுத்துட்டுப் போயிட்டு எங்கயோ ஸ்கிராப்ல வந்த பிளாக்கை பெயின்ட் அடிச்சு வச்சுட்டுப் போறாங்க. பிளாக்ல இருக்கற நம்பர் வேற, ஆர்சி புக்ல இருக்கற நம்பர் வேற. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு ஆர்சி ரினிவலுக்குப் போனப்பத்தான் தெரிஞ்சுது, 14 மாசம் அலைஞ்சார். இன்ஜின் மாத்தறதுன்னா ஆர்டிஓ அனுமதி வேணும், அதை வித்தவன் சொல்லவே மாட்டான். இன்னைக்கே இன்ஜின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் பென்சில் பிரிண்ட் (நம்பர் மேல பேப்பர் வச்சு பென்சில்ல தேய்ச்சு) எடுத்து, போட்டோவும் புடிச்சு பத்திரமா வச்சுக்கோங்க.

ஆர்சி அப்பாரு பேர்லயே இருக்கும். அதை உங்க பேருக்கு மாத்த ஃபார்ம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுங்க சம்மதம். ரினிவலுக்கு ஃபார்ம் 25. புரோக்கர் ஃபார்ம் 29, 30ல கையெழுத்து கேட்டா போடாதீங்க, அது உயிரோட இருக்கறவர் விக்கறப்ப போடறது. 1984 வண்டி, பழைய மூணெழுத்து நம்பர், கம்ப்யூட்டர்ல ஏறாமயே கிடக்கலாம், பேக்லாக் என்ட்ரி (பழைய பதிவை கம்ப்யூட்டர்ல ஏத்தறது) போடணும்பாங்க. அவங்க ரெஜிஸ்டர்ல இருக்கறதை அவங்களே ஏத்தாம விவசாயியை நாலு தடவை பஸ் ஏத்தறாங்க, அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் ஜனங்க புரோக்கர்கிட்ட போறாங்க. கவுன்ட்டர்ல மனுவை எழுத்துல குடுத்து முத்திரை வாங்கிட்டு வாங்க.

இன்ஜின் சுத்திடுச்சுன்னா உடனே ஸ்டார்ட் பண்ணிடாதீங்க. பழைய டீசலைக் கொட்டி டேங்கைக் கழுவுங்க, ஃபில்டர் புதுசு, ஆயில் புதுசு. டீசல் பம்ப்பை வீட்ல பிரிக்கக்கூடாது, கழட்டி டீசல் பம்ப் சர்வீஸ் பண்ற பம்ப் ரூம்ல குடுங்க. அப்படியே போட்டு ஸ்டார்ட் பண்ணினா உள்ள வால்வு சிக்கி இன்ஜின் தாறுமாறா ஏறும், ஸ்டாப்பை இழுத்தாலும் நிக்காது. சர்வீஸ் பண்ணினாலும் முதல் ஸ்டார்ட்டுக்கு ஏர் ஃபில்டர் பைப்பைக் கழட்டிட்டு, தம்பியை ஒரு தட்டையான பலகையோட அந்த வாய்கிட்ட நிறுத்துங்க, ஏறினா அடைக்கணும், வெறுங்கையை வைக்கக்கூடாது. ஸ்டார்ட் ஆன உடனே ஆயில் கேஜைப் பாருங்க, முள்ளு ஏறலன்னா பத்து செகண்டுக்குள்ள நிறுத்திட்டு எனக்கு எழுதுங்க.