பாட்டி எழுப்பும் நேரம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 23 வயது. விசுவாசமுள்ள கிறிஸ்தவக் குடும்பம். தினமும் ஐந்தாறு மணி நேரம் வீடியோ கேம் ஆடுகிறேன். அதில் ஒரு நகரத்தையே காப்பாற்றுகிறேன். வெளியே வந்தால் வீரம் காட்ட எனக்கென்று எதுவும் இல்லை. படுக்கையில் இருக்கும் பாட்டி இரவில் இரண்டு மூன்று தடவை எழுப்புவதால் ஆட்டமும் பாதியில் நின்றுவிடுகிறது. கேம் ஆடுவது பாவமா? தேவன் என்னை எதற்காகப் படைத்தார்?

டி.

அன்புள்ள டி.,

பாவமா என்பதை உங்கள் போதகரிடம் கேளுங்கள். எத்தனை மணி நேரம் என்ற கணக்கும் எனக்கு வேண்டாம். இந்த வீர ஏக்கத்தைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

முதலில், அதற்காக வெட்கப்படாதீர்கள். பைபிளில், எதிரிகளான மீதியானியருக்குப் பயந்து கோதுமையை மறைவாகப் போரடித்துக்கொண்டிருந்த கிதியோனைக் கர்த்தருடைய தூதன் 'பராக்கிரமசாலியே' என்றுதான் கூப்பிட்டார்.

ஆனால் என் மனதில் ஓடிக்கொண்டிருப்பவர், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார். அப்போது அவர் ஒரு போர்வீரர். 1521-ல் ஸ்பெயினில், பாம்பலோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு அவர் காலை நொறுக்கியது. எலும்பு கோணலாக ஒட்டி, முழங்காலுக்குக் கீழே புடைத்து நின்றது. அரசவைக்குப் போட்டுப்போகும் இறுக்கமான பூட்ஸுக்குள் கால் நுழையாதே என்று, அந்த எலும்பை அறுத்தெடுக்கச் சொன்னார். மயக்கமருந்து இல்லாத காலம். அழகான வீரனாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை அவ்வளவு.

படுக்கையில் பொழுதுபோக வீரசாகசக் கதைகள் கேட்டார். வீட்டில் ஒன்றுகூட இல்லை. கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும்தான் கிடைத்தன. படிக்காத நேரத்தில், ஒரு சீமாட்டிக்காகத் தான் செய்யப்போகும் சாகசங்களை மூன்று நான்கு மணி நேரம் கற்பனை செய்துகொண்டு கிடப்பார். உங்கள் கேம்தான், திரை மட்டும் கிடையாது. அசிசியின் புனித பிரான்சிஸ் செய்ததை நானும் செய்தால் என்ன என்றும் சில நேரம் நினைப்பார். இரண்டும் இனித்தன. முதலாவது முடிந்ததும் மனம் வறண்டு போனது. இரண்டாவது முடிந்த பிறகும் சந்தோஷம் தங்கியது. ஒருநாள் அந்த வித்தியாசத்தைக் கவனித்துவிட்டார். அவருடைய வாழ்க்கை திரும்பியது அங்கேதான்.

அந்த வறட்சி எனக்கும் தெரியும். கடைசி எதிரியை வீழ்த்த பதினோரு இரவு ஆடியிருக்கிறேன். ஜெயித்தேன். கேமை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடி முடிந்து திரை கறுத்தபோது அதில் என் முகம் தெரிந்தது. யாரையாவது எழுப்பிச் சொல்லலாம் என்றால், சொல்ல ஒன்றுமே இல்லை.

1522 மார்ச்சில் இஞ்ஞாசியார் மொன்செராட் மாதா கோவிலுக்குப் போனார். நின்றும் முழங்காலிட்டும் இரவு முழுக்க விழித்திருந்து, வாளை அங்கேயே விட்டுப் போனார். மாவீரன் ஆகப்போகிறவன் ஆயுதத்தோடு ஓர் இரவு கண்விழிப்பது அந்தச் சாகசக் கதைகளில் வரும் சடங்கு. ஏக்கத்தை அவர் கொன்றுவிடவில்லை பாருங்கள், அதை அப்படியே பீடத்துக்குக் கொண்டுபோனார்.

இப்போது உங்கள் பாட்டி. கடிதத்தில் அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வீரம் காட்ட எதுவும் இல்லை என்று எழுதிய கையோடு, உங்களை நம்பி இருட்டில் கூப்பிடும் ஒரு கிழவியை ஆட்டத்துக்கு இடைஞ்சல் என்று எழுதியிருக்கிறீர்களே! தன்னால் புரண்டுகூடப் படுக்க முடியாதவர் அவர் என்றால், நீங்கள் பத்து நிமிடம் தாமதித்தால் அது அவருக்கு எவ்வளவு நீளம் என்று தெரியுமா? என் அப்பா ஏழு மாதம் அப்படிக் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கும்போது என் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். அந்தப் பிடியின் கனம் இன்னும் என் கழுத்தில் இருக்கிறது. அப்போது நான் தேவனிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை.

சரி, ஒன்று செய்யுங்கள். இன்றிரவு பாட்டி கூப்பிட்டதும் முதல் குரலிலேயே எழுந்து போங்கள். தண்ணீர் கொடுத்து, தலையணையைச் சரிசெய்து, அவர் கண் மூடும்வரை பக்கத்தில் உட்காருங்கள். அப்புறம் திரும்பி வந்து ஆடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டும் முடிந்த பிறகு உங்களுக்குள் என்ன தங்கியிருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.