பிளேட்லெட்டுக்கும் கேன்சர் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி பதில்

ரத்த லேப்ல வேலை பாக்கறதால இந்த பிளேட்லெட் (ரத்தத்தை உறைய வைக்கற அணு) சமாச்சாரத்தையே ஆளாளுக்கு கேக்கறீங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

கேள்வி: அம்மாவுக்கு சினைப்பை கேன்சர். பிளேட்லெட் 5.2 லட்சம்னு ரிப்போர்ட் வந்திருக்கு. குறையறதுதானே ஆபத்து?

பதில்: டெங்கு வந்து வந்து பிளேட்லெட்னாலே குறையறதுன்னு நம்ம மண்டைல ஏறிடுச்சு. நார்மல் 1.5ல இருந்து 4.5 லட்சம். சில கட்டிங்க ஐஎல்-6னு ஒரு பொருளைச் சுரக்கும், அது லிவருக்குப் போய் த்ராம்போபொய்ட்டின்ங்கற ஹார்மோனை அதிகமா செய்ய வைக்கும், அது எலும்பு மஜ்ஜையை முடுக்கிவிடும், மஜ்ஜை பிளேட்லெட்டா போட்டுத் தள்ளும். 2012ல வந்த ஆய்வுல சினைப்பை கேன்சர் இருந்த 619 பேர்ல 31 சதவீதம் பேருக்கு கண்டுபிடிச்சப்பவே 4.5 லட்சத்தைத் தாண்டியிருந்துச்சு. ஆனா ரத்தசோகை, இன்ஃபெக்ஷன், ஆபரேஷன் முடிஞ்ச கையோடனு எதுக்கு வேணா ஏறும், அதனால அந்த ஒரு நம்பரை வெச்சு ராத்திரி முழுக்க முழிச்சிருக்காதீங்க.

கேள்வி: ஏறினா கட்டிக்கு என்ன லாபம் சார்?

பதில்: இதான் எனக்குப் பிடிச்ச கேள்வி. கட்டியில இருந்து பிச்சுக்கிட்டு ரத்தத்துல இறங்கற செல்லுல முக்காவாசி அங்கயே செத்துடும், ரத்த ஓட்டத்தோட அடி ஒரு பக்கம், என்கே செல்னு நம்ம காவல்காரன் இன்னொரு பக்கம். இந்த நேரத்துல பிளேட்லெட் காயம்னு நினைச்சு ஓடிவந்து அந்த செல்லைச் சுத்தி ஒட்டிக்குது, போர்வை போத்தின மாதிரி, அது மட்டும் இல்ல, தன் மேல இருக்கற 'நான் இந்த உடம்புக்காரன்'ங்கற அடையாளத்தையும் அதுக்கு ஒட்டி விட்டுடுது, காவல்காரன் ஏமாந்துடறான். கூடவே டிஜிஎஃப்-பீட்டாங்கற ஒரு பொருளைக் கொட்டும், அதுல செல்லு இன்னும் நல்லா ஊர்ந்து போகப் பழகிக்கும். 1968லயே எலிகளுக்கு பிளேட்லெட்டைக் குறைச்சுப் பாத்தப்போ கேன்சர் பரவறது குறைஞ்சுது.

கேள்வி: அப்போ நமக்கும் குறைச்சுட வேண்டியதுதானே?

பதில்: ரத்தக்கசிவுல ஆள் போயிடுவாங்க.

கேள்வி: அப்பாவுக்கு குடல் கேன்சர் ஆபரேஷன் முடிஞ்சுது. ஆஸ்பிரின் குடுக்கலாமா?

பதில்: ஆஸ்பிரின் பிளேட்லெட் ஒட்டறதைத் தடுக்கும்தான், ஆனா நீங்களா குடுக்காதீங்க. 2025ல வந்த ட்ரயல்ல குடல் கேன்சர்ல பிஐகே3சிஏங்கற ஜீன் சம்பந்தப்பட்ட மாற்றம் இருந்தவங்களுக்கு தினம் 160 மில்லிகிராம் குடுத்ததுல திரும்ப வர்றது ஏறக்குறைய பாதியாச்சு. மார்பக கேன்சர்ல 300 மில்லிகிராம் குடுத்துப் பாத்தாங்க, பிரயோஜனமே இல்ல. ஜீன் டெஸ்ட் எடுத்தாங்களான்னு டாக்டர்ட்ட கேளுங்க, அல்சர் இருந்தா அதையும் மறைக்காம சொல்லுங்க.

கேள்வி: கணையத்துல கட்டி, மாமாவுக்கு ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, நடந்ததாலயா?

பதில்: இதைப் படிக்கறதை நிறுத்திட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கட்டி ரத்தத்தை உறைய வைக்கும், கணையமும் இரைப்பையும் அதுல ரொம்ப மோசம், கால்ல கட்டின ரத்தம் நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. 1860கள்ல ட்ரூஸோனு ஒரு பிரெஞ்சு டாக்டர் இதை வகுப்பெடுத்துச் சொன்னாரு, கொஞ்ச நாள்ல அவருக்கே ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டிச்சு, எனக்கு கேன்சர்தான்னு அவரே சொல்லிட்டாரு, 1867ல இரைப்பை கேன்சர்லயே இறந்தாரு.

கேள்வி: கீமோல பிளேட்லெட் 40 ஆயிரத்துக்கு இறங்கிடுச்சு, பப்பாளி இலைச்சாறு?

பதில்: வேணாம், டாக்டர்ட்ட கேக்காம எதுவும் வேணாம். கீமோ மஜ்ஜையை அமுக்கினதால குறைஞ்சது, மஜ்ஜை எழுந்தா தானா ஏறும். ரத்தக்கசிவு, காய்ச்சல் இல்லேன்னா பொதுவா 10 ஆயிரத்துக்குக் கீழ போனாத்தான் பிளேட்லெட் ஏத்துவாங்க. அதுவரைக்கும் மெத்துனு ஒரு பிரஷ் வாங்கிக் குடுங்க, ஈறுல ரத்தம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க.