மாடி அறை ராத்திரியிலும் கொதிக்கிறது. தெர்மாகோல் சீலிங் போட்டால் சரியாகுமா?

ஓரளவு குறையும். ஆனால் முதல் செலவை அதில் போடாதீர்கள். வெயிலைத் தளத்துக்கு மேலேயே தடுக்க வேண்டும். உள்ளே இறங்கவிட்டுக் கீழே மறைப்பு கட்டுவது இரண்டாம் பட்சம்தான்.

நான் இருப்பதும் மேல் மாடியில்தான், வேலூர் சத்துவாச்சாரியில். அக்னி நட்சத்திரத்தில் ராத்திரி சாப்பாடு முடிந்து ஸ்டூல் மேல் ஏறி சீலிங்கில் கை வைத்தால், அப்போதுதான் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கும். மதியம் தளத்தின் மேல் விழுந்த சூடு அடிப்பக்கம் வந்து சேரவே சில மணி நேரம் ஆகும். அதனால்தான் வெளியே காற்று தணிந்த பிறகும் அறை தணிவதில்லை. ஃபேன் போட்டால் அந்த அனல்தான் தலையில் இறங்கும்.

ஆகவே மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள், பங்குனிக்குள்ளேயே. பாசியையும் தூசியையும் இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, விரிசலை அடைத்து, நன்றாகக் காய்ந்ததும் கூல் ரூஃப் பெயிண்ட் (வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட்) இரண்டு கோட். கைக்கு மீறினால் சுண்ணாம்பே போதும்; கொஞ்சம் ஃபெவிகால் கலந்தால் காலில் ஒட்டாது. மழையில் கரைந்துவிடும், வருஷா வருஷம் அடிக்கணும். பெயிண்டும் புழுதி படிந்தால் சரியாக வேலை செய்யாது, அவ்வப்போது கழுவுங்கள். சிவப்புத் தட்டோடு பதித்த மாடி என்றாலும் அதன் மேலேயே அடிக்கலாம்.

அப்புறம் காற்று. பழைய வீடுகளில் கூரையை ஒட்டி வென்டிலேட்டர் இருக்கும். நாம்தான் அதற்கு முன்னால் பரண் கட்டி, சீர் அண்டாவையும் ஓடாத ஏர் கூலரையும் அடைத்து வைத்திருப்போம். அதைக் காலி செய்து ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுங்கள். வெயில் ஏறியதும் ஜன்னல்களைச் சாத்தி, இருட்டியதும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது காற்று வரட்டும் என்று திறந்து வைத்தால் அனல்தான் வரும். எங்கள் வீட்டில் இதற்குத் தினமும் சண்டை.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் சீலிங் போடுங்கள். தெர்மாகோல் தீப்பிடிக்கும், அப்படியே வெளியே தெரிய விடாமல் கீழே ஜிப்சம் போர்டு கொடுங்கள், வயரெல்லாம் பைப்புக்குள் இருக்கட்டும்.

உங்களுடையது ஷீட் போட்ட அறை என்றால் கணக்கு வேறு. ஷீட் மெல்லிசு, வெயில் பட்டதும் சுடும்; அங்கே சீலிங் நல்ல பலன் தரும். ஆனால் ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே சிக்கும் சூட்டுக் காற்று வெளியேற, இரண்டு பக்கச் சுவரிலும் உச்சியில் திறப்பு விடச் சொல்லுங்கள். கம்பி வலையும் அடிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புறா குடியேறிவிடும்.