நாலு நாள் சீனாவுக்குப் புளிக்காய்ச்சல் எதுக்கு?

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் நாலு நாள் சீனா போய்ட்டு வரலாம்னு இருக்கோம். ஒரே ஊர் போதும், நிதானமா சுத்திப் பாக்கணும். எல்லாரும் ஷாங்காய் போங்கன்றாங்க. சாப்பாட்டை நெனச்சாதான் பயம், அங்க பாம்பு, பூச்சியெல்லாம் சாப்பிடுவாங்களாமே? புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, சப்பாத்தி எல்லாம் கட்டி எடுத்துட்டுப் போய்டலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: வேண்டாங்க. புளிக்காய்ச்சல் வீட்லயே இருக்கட்டும். அந்தப் பாம்பு, பூச்சி பேச்சையும் இதோட விட்ருங்க. கோவமாத்தான் சொல்றேன். 140 கோடி ஜனம் இருக்கற நாடு, வடக்க கோதுமை, தெக்க அரிசி, ஊருக்கு ஊர் கைப்பக்குவம் வேற, அத்தனையையும் வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோவை வெச்சு முடிச்சுடறோம். மெட்ராஸ்னாலே இட்லி சாம்பார்தானேன்னு வடக்க எவனாவது சொன்னா நமக்கு எப்படி சுருக்குன்னு இருக்கு?

ஷாங்காய் நல்ல ஊர்தான், தப்பே இல்ல. ஆனா ஒரே ஊர்னு நீங்க கேட்டா நான் கைகாட்றது ச்சுவான்ஜோ. ஃபுஜியான் மாகாணத்துல கடலோரமா இருக்கு, ஷியாமென்ல எறங்கி அதிவேக ரயில் புடிச்சா அரைமணி நேரம் மாதிரி ஆகும். சோங், யுவான் ராஜாக்கள் காலத்துல உலகத்துலயே பெரிய துறைமுகங்கள்ல ஒண்ணு இது, அரபு வியாபாரிங்க ஸைத்தூன்னு கூப்டாங்க, அந்தப் பேர் எங்கேந்து வந்துச்சுன்னா ஊர் பூரா நின்ன சிதோங் மரத்துலேந்து, அது வேற ஒண்ணும் இல்ல, நம்ம வேலியோரம் நிக்கற கல்யாண முருங்கை. 2021ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் இந்த ஊரைச் சேத்தாச்சு.

முதல் நாள் காலைல நேரா கையுவான் கோயிலுக்குப் போங்க. 686ல ஆரம்பிச்ச புத்தர் கோயில். முன்னாடி ரெண்டு பக்கமும் 13ஆம் நூற்றாண்டுல கட்டின கல் கோபுரங்க, எல்லாரும் அங்கயே போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடுவாங்க. நீங்க திரும்பிடாதீங்க. பெரிய மண்டபத்தைச் சுத்திப் பின்பக்கம் போனா ரெண்டு கல்தூண் இருக்கும், மத்த தூணோட ஒட்டவே ஒட்டாது, உத்துப் பாத்தா நரசிம்மர் இரணியனை மடில போட்டுக் கிழிக்கறாரு, கிருஷ்ணன் மருத மரத்தைச் சாய்க்கறான். இங்க வந்து குடியிருந்த தமிழ் வணிகர்கள் கட்டின கோயில் ஒண்ணு இடிஞ்சுபோக, அதோட கல்லைத்தான் பின்னாடி புதுப்பிச்சவங்க இங்க நட்டு வெச்சிருக்காங்க. நான் அங்க நின்னப்ப பக்கத்துல ஒரு பாட்டி ஊதுபத்தியோட புத்தரைக் கும்பிட்டுட்டு இருந்தாங்க, எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு, அரைமணி நேரம் நகரல.

வெளிய வந்தா மேற்குத் தெரு. ஷி ஜியேன்னு கேளுங்க. இங்கதான் உங்க பயம் போகணும். காலைச் சாப்பாடு மியென்ஷியென்ஹு, கோதுமைச் சேமியாவை மயிர் மாதிரி மெலிசா இழுத்துக் கொழகொழன்னு கஞ்சியா காய்ச்சினது, மேல என்ன போடணும்னு கைகாட்டினா போதும், பொரிச்ச மாவுக்குச்சி, சிப்பி, குடல், எது வேணும்னாலும். மதியம் இஞ்சி வாத்து சாப்டுங்க, ஜியாங்மூயா, முத்தின இஞ்சியைக் கை நெறைய போட்டு நல்லெண்ணெய்ல வதக்கி மண்சட்டில வேக வெக்கறது, தெருமுனைலயே மணம் வரும். நல்லெண்ணெய், இஞ்சி, மண்சட்டி, இதுல உங்களுக்கு எது புதுசு சொல்லுங்க? சின்னச் சிப்பியைச் சக்கரவள்ளி மாவு, முட்டையோட கலந்து தட்டற அடையும் உண்டு. கடல்புழு போட்டு உறைய வெச்ச ஜெல்லி ஒண்ணும் இருக்கு, அது மனசு வந்தா சாப்டுங்க, நான் சாப்ட்டேன், கடுகும் பூண்டும் தூக்கலா நல்லாவே இருந்துச்சு. நீங்க சைவமான்னு எழுதல. சைவம்னா "வோ ச்சி ஸு"ன்னு சொன்னா புரியும், புத்தமத சைவக் கடையா பாத்துப் போயிடுங்க, மத்த கடைல காய்கறிக் கிண்ணத்துலகூட எலும்பு ரசம் ஊத்தியிருப்பாங்க.

டீயை விட்டுடாதீங்க. தியெகுவான்யின் டீ வெளையற ஆன்ஷி இந்த ஊரைச் சேந்த பகுதிதான், நம்ம தேயிலைல இருக்கற "தே" இந்தக் கடலோர மின்னான் பேச்சுலேந்து கப்பலேறிப் போன சொல்லு.

அடுத்த நாள் ஷுன்பூ கிராமம். பொம்பளைங்க கொண்டையைச் சுத்தி வளையம் வளையமா நெசப் பூ வெச்சுக்கறாங்க, வீட்டுச் சுவரெல்லாம் சிப்பி ஓடு. அப்படியே லுவோயாங் பாலம், 1053லேந்து 1059 வரைக்கும் கட்டினது, அடிக்கல்லு அலைல நகராம இருக்க அது மேல சிப்பியை வளரவிட்டு ஒட்ட வெச்சாங்க. நேரம் இருந்தா 1009ல கட்டின சிங்ஜிங் மசூதியும் பாத்துடுங்க.

விசா முன்கூட்டியே எடுத்தாகணும். அங்க கடைல காசு கட்ற அலிபே ஆப்ல உங்க கார்டை இங்கயே சேத்துக்குங்க. கூகுள் மேப், வாட்ஸ்அப் அங்க லோக்கல் சிம்ல ஓடாது, அதனால நம்ம நம்பர்லயே ரோமிங் போட்டுக்குங்க. அக்டோபர் முதல் வாரம் வேண்டவே வேண்டாம், அவங்க நாடே லீவுல ஊர் சுத்தும்.

நாலாவது நாள் ஷியாமென் திரும்பிப் பல்கலைக்கழகத்தோட மானிடவியல் அருங்காட்சியகத்துக்குப் போங்க, தொறந்திருக்கான்னு முன்னாடியே பாத்துக்குங்க. ச்சுவான்ஜோல கெடச்ச தமிழ்க் கல்வெட்டு அங்க இருக்கு. 1281, சித்திரை மாசம், சம்பந்தப் பெருமாள்னு ஒருத்தர் சீனாவை ஆண்ட மங்கோலியக் கானோட நலனுக்காகச் சிவனைப் பிரதிஷ்டை பண்ணினதைச் சொல்லுது, தமிழ் வரிங்களுக்குக் கீழ ஒரே ஒரு வரி சீன எழுத்து. எழுத்துக் கூட்டி மெதுவா படிச்சுப் பாருங்க, சாயங்காலம் ஃப்ளைட் புடிக்க நேரம் இருக்கும்.