வெள்ளைக்காரன் போனா சாமிக்கும் விடுதலையா?

கேள்வி: வோடூன்னா பில்லி சூனியம்னு பேரன் சொல்றான். அடிமையா கொண்டுபோன ஆப்பிரிக்க ஜனங்களோட சாமி கும்பிடுற முறைதான் அதுன்னு நான் படிச்சேன். வெள்ளைக்காரன் போனப்புறமாவது அவங்கள நிம்மதியா கும்பிட விட்டாங்களா?
– ஒரு வாசகி, கண்டனூர்

பதில்: நீங்க படிச்சதுதான் சரி ஆச்சி. படைப்பு வீட்ல முன்னோருக்குப் புதுத்துணி வச்சு சோறு படைக்கிறவங்களுக்கு வோடூ புரியறது கஷ்டமே இல்ல, அங்கயும் முன்னோர்னா உசுரு. ஆனா நிம்மதியா விட்டாங்களான்னு கேட்டா, ரொம்ப காலம் விடல.

கரீபியன் தீவு நாடான ஹைத்தியில அடிமைகளே சண்டை போட்டு பிரான்ஸை விரட்டி 1804ல சுதந்திரம் வாங்கினாங்க, அப்படிப்பட்ட நாட்லயே 1835ல சொந்த அரசாங்கம் போட்ட குற்றவியல் சட்டத்துல வோடூவை சூனியக் கணக்குல சேர்த்து குற்றம்னு எழுதிட்டாங்க. அப்புறம் நாட்டைப் பிடிச்சு வச்சிருந்த அமெரிக்கப் படை 1934ல வெளிய போச்சு, மறுவருஷமே 'மூடப் பழக்கம்'னு சொல்லி இன்னொரு தடைச் சட்டம். 1941, 42ல கத்தோலிக்க சர்ச் ஆளுங்க ஊர் ஊரா போய் மேளத்தையெல்லாம் எரிச்சு, சாமி குடியிருக்குன்னு கும்பிட்ட மரத்தையும் வெட்டினாங்க, இத படிக்கிறப்போ எனக்கு நம்ம ஐயனார் கோயில் காடுதான் கண்ணுக்குள்ள வந்துச்சு. அந்தத் தடை 1987 அரசியல் சட்டத்துலதான் போச்சு. வோடூ பூசாரி நடத்துற கல்யாணம் சட்டப்படி செல்லும்னு ஆனது 2003ல!

இன்னொரு கரீபியன் தீவான டிரினிடாட் கதை வேற. ஆப்பிரிக்க வழிபாடு கலந்த ஷவுட்டர் பாப்டிஸ்ட் கூட்டத்த வெள்ளைக்கார அரசாங்கம் 1917ல தடை பண்ணுச்சு, தலையில வெள்ளத்துணி கட்டுறது, கையில மெழுகுவர்த்தி, மணி அடிக்கிறது, தரையில சாக்பீஸ்ல கோடு போடுறது எல்லாத்தையும் அந்தக் கூட்டத்தோட அடையாளம்னு கோர்ட்டுல எடுத்துக்கிட்டாங்க. அந்த மக்கள் விடாம போராடி 1951 மார்ச் 30ல தடைய நீக்க வச்சாங்க, நாட்டுக்கு சுதந்திரம் வந்ததே 1962லதான். இப்போ அந்த தேதி அங்க அரசு விடுமுறை.

பிரேசில்ல பஹியா மாநிலத்துல, கான்டோம்ப்ளேங்கிற ஆப்பிரிக்க வழிபாட்டுக் கோயிலுங்க போலீஸ்ல பதிவு பண்ணணும்ங்கிற நிலை 1976 வரைக்கும் இருந்துச்சு, நாடு விடுதலையானது 1822ல!

நம்ம கிட்டயும் இதே கதை உண்டு. கோயில்ல ஆடு கோழி பலி கொடுக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தது சுதந்திரத்துக்கு அப்புறம், 1950ல. 2003ல அத கறாரா அமல்படுத்தச் சொன்னதும் கிடாவெட்டு நேர்ந்துகிட்ட ஜனங்க தவிச்சது நெனவிருக்கும், 2004ல சட்டத்தையே வாபஸ் வாங்கிட்டாங்க. ஆள்றவங்களுக்கு எந்த சாமி அநாகரிகமா தெரியுதோ அதுமேலதான் சட்டம் பாயுது, வெள்ளைக்காரன் இருந்தாலும் போனாலும். பேரன்கிட்ட இதையும் சொல்லுங்க ஆச்சி: ஒபியாங்கிற ஆப்பிரிக்க வழிமுறைய குற்றம்னு சொல்ற 1898 சட்டம் ஜமைக்காவுல சுதந்திரம் வந்தப்புறமும் நீடிச்சுது, அதுல இருந்த கசையடி தண்டனைய எடுத்ததே 2013லதான்.