விண்வெளி ஸ்டெம் செல் அம்மாவின் முழங்காலுக்கு உதவுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. 30 வருடமாகத் தரையில் சம்மணம் போட்டு மல்லிகைப் பூ கட்டுகிறார். இரண்டு முழங்காலிலும் ஜவ்வு தேய்ந்துவிட்டதாம். எடையற்ற நிலையில் ஸ்டெம் செல் வளர்த்து ஜவ்வைப் புதுப்பிக்கலாம் என்று தம்பி செல்போனில் ஒரு வீடியோ காட்டுகிறான். ஸ்டெம் செல் ஊசிக்குப் பணம் கட்டலாமா? - வாசகி, திருமங்கலம்

பதில்: கட்ட வேண்டாம். ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். தம்பி பார்த்தது பொய்யில்லை, ஆனால் அது இன்னும் ஆய்வுக்கூடத்துச் சங்கதி.

ஜவ்வு என்று நாம் சொல்லும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது. தோல் காயம் மாதிரி அது தானாக ஆறாது. அதனால் வெளியே வளர்த்து உள்ளே வைக்கப் பார்க்கிறார்கள். சாதாரணத் தட்டில் விட்டால் செல்கள் அடியில் ஒட்டித் தட்டையாகப் பரவிவிடும். இதற்காக நாசா 1980களில் ஒரு சுழலும் பாத்திரம் செய்தது. திரவம் நிரம்பிய பாத்திரம் மெதுவாகச் சுற்றச் சுற்ற, செல்கள் விழுந்துகொண்டே இருக்கும், அடியைத் தொடாது. (கிரைண்டர் வேகம் இல்லை, அப்படிச் சுற்றினால் செல் மாவாகிவிடும்!) புவியீர்ப்பு எங்கும் போய்விடவில்லை. செல்லுக்குத்தான் மேல் எது கீழ் எது என்று பிடிபடுவதில்லை. எடையற்றது போன்ற அந்த நிலையில் ஸ்டெம் செல்கள் உருண்டையாகத் திரள்கின்றன. வளர்ச்சிக் காரணியும் (செல்லைத் தூண்டும் புரதம்) கொடுத்தால் குருத்தெலும்பாக மாறத் தொடங்குகின்றன. சிக்கல் என்னவென்றால், கொழுப்பு செல்லாக மாறும் நாட்டமும் கூடுகிறது.

இன்னொன்று. மாட்டின் குருத்தெலும்புச் செல்லில் வளர்த்த திசுவை மிர் விண்வெளி நிலையத்தில் 4 மாதம் வைத்துப் பார்த்தார்கள். முடிவு 1997இல் வெளியானது. பூமியில் வளர்ந்ததைவிட அது உருண்டையாக, வலுக் குறைவாக இருந்தது. குருத்தெலும்பு பாரம் தாங்கித் தாங்கித்தான் கெட்டிப்படும். அம்மா தினமும் எழுந்து உட்காரும் முழங்காலுக்கு அந்த மெத்தென்ற திசு எத்தனை நாள் தாங்கும்?

மூட்டுத் தேய்மானத்துக்கு ஸ்டெம் செல் ஊசியை ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதல் வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. முறைப்படி பதிவான ஆய்வில் மட்டும் செய்யலாம், அதற்கு நோயாளியிடம் பணம் கேட்கக் கூடாது.

சரி, இப்போது என்ன செய்யலாம்? முதலில் அந்தச் சம்மணத்தை விடச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, பூக்கூடையை எதிரே ஸ்டூலில் வைத்துக் கட்டலாம். "கை ஓடாது" என்பார், ஒரு வாரத்தில் பழகிவிடும். நாற்காலியில் இருந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி, 5 எண்ணி இறக்கட்டும். காலுக்கு 10 தடவை, காலையும் மாலையும். உடல் பருமன் இருந்தால் ஒரு கிலோ குறைந்தாலும் நடக்கும்போது முழங்காலுக்கு அதைப்போல நாலு மடங்கு பாரம் குறையும். அப்புறம், எலும்பு டாக்டரிடம் போகும்போது நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயாகக் கொண்டுபோங்கள், படுத்து எடுத்ததில் தேய்மானம் சரியாகத் தெரியாது.