காட்சிக்கூடத்தில் படம் மாட்டும் முன்: எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம்?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின் ஓவியம் வரைகிறேன். எங்கள் பகுதியிலுள்ள சிறு காட்சிக்கூடம் உள்ளூர் ஓவியர்களுக்காக இரண்டு வாரக் கண்காட்சி நடத்துகிறது. என் ஆறு படங்களுக்கு இடம் தந்திருக்கிறார்கள். விற்றால் 30 சதவீதம் கமிஷன். இதற்கிடையே ஒருவர் வீட்டுக்கே வந்தார். தான் க்யூரேட்டர் (கண்காட்சி ஒருங்கிணைப்பாளர்) என்றும், 4,500 ராண்ட் கொடுத்தால் எல்லா வேலையையும் பார்த்துக்கொண்டு காப்பிரைட்டும் (படத்தை நகலெடுக்கும், அச்சிடும் உரிமை) பதிவு செய்து தருவதாகவும் சொல்லி ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். நகல் இணைத்துள்ளேன். ஆறு படங்களில் ஒன்று, பக்கத்து வீட்டு ஐயா பணம் கொடுத்து வரையச் சொன்ன அவருடைய மறைந்த மனைவியின் உருவப்படம். பார்த்தவர்கள் அதன் அச்சுப் பிரதி கேட்கிறார்கள். அச்சடித்து விற்கலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்தப் படிவத்தை மடித்து இழுப்பறையில் வைத்துவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டாம், 4,500 ராண்டும் கொடுக்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் ஓவியத்துக்குக் காப்பிரைட் பதிவு என்று ஒன்று கிடையவே கிடையாது. நீங்கள் படத்தை வரைந்ததுமே உரிமை உங்களுடையதாகிவிடுகிறது. 1978ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உங்கள் ஆயுள் முழுக்கவும், அதன்பின் 50 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். எந்த அலுவலகத்திலும் மனுப் போட வேண்டியதில்லை, முத்திரை வாங்க வேண்டியதில்லை. பதிவு செய்யும் ஏற்பாடு இருப்பது சினிமாப் படங்களுக்கு மட்டும். இல்லாத வேலைக்குத்தான் அந்த மனிதர் உங்களிடம் காசு கேட்கிறார்.

காசு போனால் போகட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். என் பயம் அந்த 4,500 ராண்ட் பற்றியது இல்லை. நீங்கள் அனுப்பிய நகலில் மூன்றாவது பத்தியைப் படியுங்கள். பொடி எழுத்தில், ‘இப்படைப்புகளின் சகல உரிமைகளையும் ஒருங்கிணைப்பாளருக்கு மாற்றித் தருகிறேன்’ என்று இருக்கிறது. நம் சட்டப்படி காப்பிரைட்டை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமானால் எழுத்தில் இருக்க வேண்டும், உரியவர் கையெழுத்து இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு செல்லாது. உங்கள் கையெழுத்து இல்லாமல் யாராலும் அதை எடுத்துக்கொள்ள முடியாது. அவர் வீடு தேடி வந்ததன் காரணம் அதுதான்.

சில வருடங்களுக்கு முன் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்தார். கரும்புத் தோட்ட வரிசை வீடுகளைப் பற்றி அவர் தாத்தா சொன்னதை வைத்து அருமையாக வரைந்திருந்தார். கையில் ஒரு கேலண்டர். பன்னிரண்டு மாதமும் அவர் படங்கள், ஓர் இடத்திலும் அவர் பெயர் இல்லை. கண்காட்சிக்கு ஏற்பாடு செய்த ஆளிடம் இதே மாதிரி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ‘ஹால் புக் பண்ணத்தான் கேட்டாங்க’ என்றார். காப்பிரைட் போனாலும் பெயர் போடச் சொல்லிக் கேட்கும் உரிமை அவரிடம் இருந்தது, அதைப் போராடி வாங்கினோம். கேலண்டர் விற்ற பணத்தில் ஒரு சென்ட்கூட வாங்கித் தர என்னால் முடியவில்லை. கோயில் மண்டபம், நூலகம், சமூகக்கூடம் என்று எங்கே உள்ளூர் ஓவியர்களைக் கூப்பிட்டாலும் இப்படி ஓர் ஆள் முளைத்துவிடுகிறார். நேர்மையான க்யூரேட்டர்கள் நிறைய இருக்கிறார்கள். அவர்களைக் காட்சிக்கூடம்தான் நியமிக்கும். முன்பணம் கேட்டு உங்கள் வீட்டு மணியை அடிக்க மாட்டார்கள்.

சரி, காட்சிக்கூடத்தின் 30 சதவீதம். சிறு கூடத்துக்கு அது அநியாயம் இல்லை. பெரிய தனியார் கூடங்கள் பாதிவரைகூட எடுக்கும். எதன் மேல் 30 என்பதை மட்டும் கேட்டுவிடுங்கள். படம் 3,000 ராண்டுக்கு விற்றது, அதற்கு ஃபிரேம் போட உங்களுக்கு 600 ஆகியிருக்கிறது என்று வையுங்கள். முழு விலையில் 30 சதவீதம் என்றால் கமிஷன் 900, ஃபிரேம் செலவு போக உங்கள் கையில் 1,500. ஃபிரேம் செலவைக் கழித்துவிட்டு மீதி 2,400இல் 30 சதவீதம் என்றால் கமிஷன் 720, உங்களுக்கு 1,680. ஒரு படத்துக்கு 180 ராண்ட் வித்தியாசம். கேட்டால் பல சிறு கூடங்கள் ஒப்புக்கொள்ளும், கேட்காதவர்களுக்குத் தானாகக் கிடைக்காது. விற்ற எத்தனை நாளில் பணம் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

படங்களை ஒப்படைக்கும்போது ஒரு ரசீது தருவார்கள். ‘ஓவியங்கள் – 6’ என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்காதீர்கள். எந்த ஆறு என்று பிறகு சண்டை வரும். ஒவ்வொரு படத்தின் தலைப்பு, நீள அகலம், விலை, ஏற்கெனவே இருக்கும் கீறல், திருப்பி எடுக்கும் தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். ‘விற்கும்வரை படங்கள் கூடத்துக்குச் சொந்தமில்லை’ என்ற ஒரு வரியும் வேண்டும். படத்தின் பின்பக்கம் மரச்சட்டத்தில் பென்சிலால் உங்கள் பெயரும் தலைப்பும் வருடமும் எழுதுங்கள். படம் எடுக்கும்போது முன்பக்கத்தோடு அந்தப் பின்பக்கத்தையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட் காய்கறிக்காரம்மாவை நீங்களே மூன்று விதமாக வரைந்திருக்கிறீர்கள். எது எது என்று வேறு யாருக்குத் தெரியும்?

கூடம் வாடகைக் கட்டடத்தில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். வாடகை பாக்கி விழுந்தால், உள்ளே இருக்கும் பொருட்களை அதற்கு ஈடாகப் பிடித்துவைக்கக் கட்டட உரிமையாளருக்கு நம் நாட்டில் வழி உண்டு. இரண்டு வாரக் காட்சிப் படம் கடைசியில் உங்களுக்கே திரும்பும், ஆனால் அதற்குள் ஷெரிஃப் (நீதிமன்ற ஆணையை நிறைவேற்றும் அதிகாரி), நீதிமன்றம் என்று அலைய நேரும். ‘இந்த ஆறு படங்களும் கூடத்துக்குச் சொந்தமில்லை’ என்று கட்டட உரிமையாளருக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் அனுப்பினால் போதும்.

இப்போது உருவப்படம். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நான் மேலே சொன்னது இங்கே தலைகீழாகிறது. வரைந்தவருக்கே உரிமை என்பது பொது விதி. ஆனால் ஒருவர் பணம் கொடுத்து, அல்லது கொடுப்பதாக ஒப்புக்கொண்டு, உருவப்படம் வரையச் சொன்னால், அதன் காப்பிரைட் சொன்னவருக்குப் போய்விடும். பணமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வீட்டுக் கூரையைச் சரிசெய்து கொடுத்து அதற்குப் பதிலாக வரையச் சொல்லியிருந்தாலும் அதே கதைதான். அதே ஐயா பணம் கொடுத்துத் தன் வீட்டு மாமரத்தை வரையச் சொல்லியிருந்தால்? படம் அவருடையது, காப்பிரைட் உங்களுடையது. மரம் உருவப்படம் ஆகாது. பணமே வாங்காமல் அந்த அம்மாவின் மேலுள்ள அன்பினால் நீங்களாக வரைந்து கொடுத்திருந்தால்? அப்போதும் காப்பிரைட் உங்களுடையதுதான். தீமிதிக் கூட்டத்தை நீங்களாக வரைந்து, அதில் அந்த அம்மாவின் முகம் தெரிந்தாலும் உங்களுடையதே. காசு, கேட்டு வரையச் சொன்னது, உருவப்படம், இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தால்தான் உரிமை கைமாறும். உங்கள் விஷயத்தில் மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

ஆகவே அச்சுப் பிரதி விற்க ஐயாவின் அனுமதி வேண்டும். கண்காட்சிக் கையேட்டில் அந்தப் படத்தைப் போடவும் அவர் அனுமதி வேண்டும். சுவரில் மாட்டுவது காப்பிரைட் விஷயமில்லை, ஆனால் படம் அவருடைய பொருள். அவர் தந்தால்தானே கொண்டுபோக முடியும். ஆரம்பத்திலேயே ‘காப்பிரைட் ஓவியரிடமே இருக்கும்’ என்று இருவரும் எழுதிக்கொண்டிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. அடுத்த உருவப்படத்துக்குத் தூரிகையைத் தொடும் முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், சொல்லும்போதே எனக்குக் கோபம் வருகிறது. இன்று 3,000 ராண்டுக்கு நீங்கள் விற்கும் படம் நாளை கேப் டவுன் ஏலத்தில் 30,000க்குப் போனாலும் உங்களுக்குச் சட்டப்படி எதுவும் வராது. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்கு தரும் திருத்த மசோதா 2017இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2019இல் நிறைவேறியது. 2020இல் ஜனாதிபதி திருப்பி அனுப்பினார். 2024 பிப்ரவரியில் மறுபடி நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் அதை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். மசோதாவில் வேறு பிரச்சினைகள் இருக்கலாம். அதற்காக வயதான ஓவியர்களை இத்தனை வருடம் காக்க வைப்பதா? எத்தனை பேர் அந்தப் பங்கைப் பார்க்காமலே போய்விட்டார்கள்!

கூடம் பணம் தராமல் இழுத்தடித்தால், 14 நாள் கெடு வைத்துக் கடிதம் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. 2019இல் அதன் வரம்பை 20,000 ராண்டாக உயர்த்தினார்கள். அங்கே இரு தரப்பும் வக்கீல் இல்லாமல் தாங்களே பேச வேண்டும். அந்த ரசீதும் போனில் எடுத்த படங்களும்தான் உங்களுக்காகப் பேசும்.

பக்கத்து வீட்டு ஐயாவிடம் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். மனைவியை இழந்தவர், அந்த அம்மாவின் முகம் யார் யார் வீட்டுச் சுவரிலோ தொங்குவதில் அவருக்கு விருப்பமில்லாமல் போகலாம். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சம்மதித்தால் ஒரு தாளில் இவ்வளவு போதும்: ‘என் மனைவியின் உருவப்படத்தை இந்தக் கண்காட்சியில் வைக்கவும், கையேட்டில் அச்சிடவும், 20 பிரதிகள் வரை அச்சடித்து விற்கவும் சம்மதிக்கிறேன்.’ கீழே அவர் கையெழுத்து, தேதி. பிரதி எண்ணிக்கையை அவரே சொல்லட்டும்.